உப்புத்தாளும் பொறியியலே

விமானம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் தோன்றுவன எவை? இயந்திரத்தின் முழக்கம், விரிந்த சிறகு, மேகத்தைக் கிழித்தோடும் விரைவு. உப்புத்தாள் எவருக்கும் தோன்றுவதில்லை. ஆனால், வீட்டுக் கொட்டகையில் கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு தாமே ஒரு விமானத்தைக் கட்டி முடித்த ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். இயந்திரத்தைப் பற்றிச் சிறிது சொல்வார். சிறகைப் பற்றிச் சிறிது சொல்வார். பிறகு தம் தோளைத் தடவிக்கொண்டு உப்புத்தாளைப் பற்றித்தான் பேசுவார். மாதக்கணக்கில் தேய்த்தவர் அல்லவா?

இந்தப் பேச்சை நம் மன்றத்து ஏட்டில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. நம் பட்டறையில் இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றை மாணவர் குழு கட்டி வருவதை நீங்கள் அறிவீர்கள். அக்குழுவில் நானும் ஒருவன். அது பறக்குமா, பறக்க அனுமதி கிடைக்குமா என்பது வேறு கதை. சிறகுகளுக்கு இழைத்துணி ஒட்டும் வேலை இப்போது முடிந்துவிட்டது. இனி மேற்பரப்பைச் சமன் செய்து வண்ணம் பூச வேண்டும். சென்ற கூட்டத்தில் நண்பர் ஒருவர் எழுந்தார். “பொறியியல் வேலை முடிந்துவிட்டது, இனி இருப்பது பெயிண்டர் வேலைதானே? கார்களுக்குப் பட்டி பார்க்கும் கடை ஒன்றில் கொடுத்துவிட்டால் ஒரே வாரத்தில் பளபளவென்று வந்துவிடும்” என்றார். பலர் கைதட்டினர். அந்தக் கைதட்டலுக்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

பொறியியல் வேலை முடியவில்லை என்பதே என் கட்சி. சிறகுக்கு உருவம் கொடுக்கும் வேலையின் பிற்பாதி இப்போதுதான் தொடங்குகிறது. அதைக் கடையில் கொடுப்பது, தேர்வுத்தாளின் கடைசி மூன்று வினாக்களை அடுத்த வீட்டுக்காரரிடம் எழுதக் கொடுப்பது போன்றது.

இம்முறை எப்படிப் பிறந்தது என்பதைப் பிற துறை நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நாட்டில் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் பர்ட் ரூட்டன் என்னும் வடிவமைப்பாளர் இருந்தார். அவருடைய வேரி-ஈஸி 1975-இலும் லாங்-ஈஸி 1979-இலும் பறந்தன. அதுவரை கண்ணாடி இழையால் விமானம் செய்வதென்றால் முதலில் அச்சு வேண்டும்; அச்சு செய்யப் பெரும்பொருள் வேண்டும். ரூட்டன் அச்சையே நீக்கிவிட்டார். நம் ஊர்த் தெர்மோகோலின் தங்கை போன்ற நீல நிற நுரைப்பாளத்தைச் சூடேற்றிய கம்பியால் சிறகின் வடிவில் அறுப்பது. அதன்மேல் கண்ணாடி இழைத்துணியை எபாக்சிப் பிசினால் ஒட்டுவது. பிசின் இறுகியதும் சிறகு! வரைபடப் புத்தகத்தை வாங்கியவர்கள் கார் நிறுத்தும் கொட்டகையிலேயே விமானம் கட்டினார்கள். 1985-இல் அவர் வரைபட விற்பனையை நிறுத்திக்கொண்டார்; ஆனால் அவர் கற்பித்த முறை நிற்கவில்லை. நம் நாட்டிலும் பெங்களூர் தேசிய ஆய்வகத்தார் 1980-களில் லாங்-ஈஸியை அடிப்படையாகக் கொண்டு முன்சிறகு ஆராய்ச்சி விமானம் ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டனர். பின்னர், 1993-இல் பறந்த ஹன்சா முழுதும் கூட்டுப்பொருளால் ஆனது.

அச்சில் வார்த்த சிறகு அச்சின் வழவழப்போடு வெளிவரும். அச்சில்லாச் சிறகோ துணியின் நெசவு தெரிய, கட்டாந்தரை போல் வெளிவரும். துணியின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் படி நிற்கும். நுரையை அறுத்தபோது கம்பி தயங்கிய இடத்தில் பள்ளம் இருக்கும். வழவழப்பாக்கும் உழைப்பை ரூட்டன் ஒழிக்கவில்லை, இடம் மாற்றினார். அச்சு செய்பவன் அச்சுக்கு மூலமான மாதிரியைத் தேய்க்கிறான். அச்சில்லாதவன் விமானத்தையே தேய்க்கிறான். நூறு விமானம் செய்பவனுக்கு முன்னது இலாபம். ஒன்றே ஒன்று செய்யும் நமக்குப் பின்னதே வழி. தேய்க்காமல் தப்பும் வழி இருவருக்குமே இல்லை!

சரி, பள்ளத்தை எதனால் நிரப்புவது? இங்கேதான் கடைக்காரரின் பட்டிக்கும் நமக்கும் முதல் பிணக்கு. கார்களுக்குப் பூசும் பட்டி பாலியெஸ்டர் பிசினில் டால்க் தூள் போன்றவற்றைக் கலந்தது. நீரைவிட எடை மிக்கது. இரண்டு மூன்று கிலோ கூடினால் காருக்கு என்ன நட்டம்? கார் தரையில்தானே ஓடுகிறது? விமானத்திற்கு நாம் கலப்பது வேறு. மைக்ரோபலூன் என்று வழங்கும் நுண்ணிய கண்ணாடிக் குமிழிகள். கண்ணுக்கு வெறும் வெள்ளை மாவு. உள்ளே வெறும் காற்று. எபாக்சி ஒரு பங்குக்கு இம்மாவு ஐந்து பங்குக்குக் குறையாமல் சேர்த்துப் பிசைந்தால், கரண்டியிலிருந்து வழியாத கெட்டிச் சாந்து கிடைக்கும். லிட்டர் ஏறக்குறைய அரைக் கிலோ எடை.

கணக்கைப் பார்ப்போம். இத்தகைய விமானத்தின் வெளிப்பரப்பு 30 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் சராசரியாக 1 மில்லிமீட்டர் சாந்து நின்றால் 30 லிட்டர். அதாவது 15 கிலோ. மாவைச் சிக்கனம் செய்து, வெறும் பிசினாலேயே நிரப்பினால் அதே 30 லிட்டர் 34 கிலோவைத் தாண்டும். அதன்மேல் பூசும் வண்ணம் காய்ந்த நிலையில் 0.1 மில்லிமீட்டருக்குச் சற்றொப்ப 4 கிலோ. ஒரு மில்லிமீட்டர் என்பது நம் விரல் நகத்தைவிடச் சிறிது தடிப்பு, அவ்வளவே. அந்த அளவில் ஒரு பயணப் பெட்டியின் எடை ஒளிந்திருக்கிறது! சிறகின் உள்ளே இருக்கும் இழைத்துணியில் ஓர் அடுக்கைக் குறைக்கலாமா என்று மூன்று இரவு விவாதித்தோமே, நண்பர்களே, அந்த அடுக்கின் எடையைவிட மிகுதியானதைப் பட்டிக் கரண்டி ஒரே பிற்பகலில் ஏற்றிவிடும். அதற்கு எவரும் கூட்டம் கூட்டுவதில்லை.

ஆகவே வழவழப்பைச் சாந்தால் வாங்கக்கூடாது என்பது என் கருத்து. அதை முன்பே சம்பாதிக்க வேண்டும். நுரையை நேராக அறுத்தவனுக்குச் சாந்து குறைவு. பிசின் இறுகுமுன் துணியின்மேல் உரிதுணியை விரித்து, இறுகியபின் உரித்தெடுத்தவனுக்கு ஓரத்துப் படிகள் அமர்ந்து, நெசவின் குழிகளும் குறைந்திருக்கும். அவனுக்கும் சாந்து குறைவு. நல்ல மேஸ்திரி கட்டிய சுவருக்குப் பூச்சு மெல்லியதாகவே போதும் அன்றோ? செங்கல் கோணலாக நின்ற இடத்தில்தான் சாந்து அங்குலக் கணக்கில் ஏறுகிறது.

இரண்டாவது பிணக்கு, தேய்க்கும் கருவியைப் பற்றியது. கடைகளில் சுழலும் எந்திரத்தால் தேய்ப்பார்கள். தகட்டின்மேல் அது செல்லும், தகடு கரையாது. நம் சிறகின் ஓடோ இரண்டு மூன்று அடுக்குத் துணிதான். ஓர் அடுக்கின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எந்திரம் ஒரு மேட்டின்மேல் இரண்டு நொடி தயங்கினால் ஓர் அடுக்கு தூளாகிப் போகும். அதன்மேல் வண்ணம் பூசிவிட்டால் எவர் கண்ணுக்கும் தெரியாது. சிறகின் முறுக்கைத் தாங்கும் வலிமையில் ஒரு பகுதி போய்விட்டது என்பது வானத்துக்கு மட்டும் தெரியும். பளபளப்பு ஒரு குறையை மூடவும் வல்லது. அதனால்தான் அதை நான் அஞ்சுகிறேன்.

மூன்றாவது, வெப்பம். வண்ணம் விரைவில் காய வேண்டுமென்று காரை அறையில் அடைத்து 60 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேற்றும் வழக்கம் உண்டு. அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சிகள் பல, அந்த அளவை ஒட்டியே இளகத் தொடங்கும். உள்ளே இருக்கும் நுரையும் வெப்பத்தைப் பொறுக்காதது. தின்னரோ நுரையைத் தொட்டால் கற்கண்டு நீரில் கரைவதுபோல் கரைத்துவிடும். இத்தகைய விமானங்களின் மேற்புறம் வெள்ளையாகவே இருக்கவேண்டும் என்று ரூட்டன் விதித்ததும் இக்காரணம் பற்றியே. கறுப்புப் பரப்பு வெயிலில் வெள்ளையைவிடப் பல பாகை மிகுதியாகச் சூடேறும். சித்திரை வெயிலில் நிற்கப் போகும் விமானத்திற்குக் கருநீலம் அடிக்கலாம் என்று நம் குழுவில் ஒருவர் அழகாகப் படம் வரைந்து வந்திருக்கிறார். படம் நன்றாகவே இருக்கிறது, சுவரில் மாட்டலாம்.

“அப்படியானால் நெசவு தெரியவே விட்டுவிடலாமே, எடையும் மிச்சம்” என்று கேட்கும் கட்சியும் உண்டு. அவர்களுக்கும் விடை சொல்ல வேண்டும். பூசாத எபாக்சியைச் சூரியனின் புறஊதாக் கதிர் நாளடைவில் அரிக்கும். காப்புப் பூச்சு வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் காற்று. சிறகின் முகப்பில் காற்று அடுக்கடுக்காக ஒழுங்காகச் செல்லவேண்டும். அந்த ஒழுங்கைக் கலைக்க அதிகம் தேவையில்லை. இத்தகைய விமானத்தின் விரைவில், முகப்பை அடுத்து 0.1 மில்லிமீட்டர் அளவுக்குத் துருத்தும் ஒரு துகள்கூடப் போதும்.

இதற்கு ஏட்டுச் சான்று தேட வேண்டுவதில்லை. வேரி-ஈஸியும் லாங்-ஈஸியுமே சான்று. அவற்றின் மூக்கருகே கானார்ட் என்னும் முன்சிறகு உண்டு. முதலில் அதற்கு அமைத்த குறுக்குவடிவம் வழவழப்பை நம்பியே தூக்குவிசை தருவது. மழைத்துளிகள் படிந்தால் தூக்குவிசை குறைந்து மூக்குத் தாழும். விமானி கைப்பிடியைப் பின்னிழுத்துச் சமாளிக்க வேண்டும். மழையே இப்படிச் செய்தால், மூடாமல் விட்ட நெசவு என்ன செய்யாது? பின்னர் ஜான் ரான்ஸ் என்பவர், மழையைப் பொருட்படுத்தாத வேறொரு முன்சிறகு வடிவத்தை ஆக்கித் தந்தார். பலர் பழையதைக் கழற்றிப் புதியதைச் செய்து மாட்டிக்கொண்டனர். இதிலிருந்து எனக்குப் புலப்படுவது ஒன்று. மேற்பரப்பு என்பது வடிவத்திற்குப் போர்த்திய ஆடையன்று. வடிவத்தின் ஒரு பகுதியே. எந்த இடத்தில் எவ்வளவு வழவழப்பு வேண்டும் என்பதை வடிவத்தை அறிந்தவனே சொல்ல முடியும். முன்சிறகும், முதன்மைச் சிறகின் முகப்பிலிருந்து பாதி அகலமும் நம் உழைப்பைக் கேட்கும் இடங்கள். உடலின் அடிப்புறமும், உந்துவிசிறியை அடுத்த மூடியும் அவ்வளவு கேட்பவையல்ல. அங்கேயும் கண்ணாடிபோல் முகம் தெரிய வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் எடையைக் கூட்டுகிறார்கள், வேறொன்றும் செய்வதில்லை. கண்காட்சியில் பரிசு வாங்கும் விமானம் ஒன்று. மழையில் வீடு திரும்பும் விமானம் மற்றொன்று. இரண்டும் ஒன்றாக அமைந்தால் மகிழ்ச்சியே. அமையாவிட்டால் எனக்குப் பின்னது போதும்.

வேலையைச் செய்யும் முறையில் எத்தனை அறிவு அடங்கியிருக்கிறது, பாருங்கள். சாந்தை ஒரு சிறகின் ஒரு பக்கம் முழுவதற்கும் ஒரே நாளில் பூசிவிட வேண்டும். இன்று பாதி, நாளை பாதி என்றால் இரண்டின் கடினமும் வேறுபடும். தேய்க்கும்போது மெத்தென்றது குழியும், கடினமானது மேடாக நிற்கும். தேய்க்கும் பலகை ஒரு முழத்துக்குக் குறையாத நேர்ப்பலகையாக இருக்க வேண்டும். கையளவுக் கட்டையோ வெறும் விரலோ பள்ளத்திற்குள் இறங்கிப் பள்ளத்தையே வழவழப்பாக்கும். பலகையைச் சிறகின் நீளத்துக்குச் சாய்வாக, ஒருமுறை இப்புறம், மறுமுறை அப்புறம் என்று குறுக்கும் மறுக்குமாக ஓட்ட வேண்டும். முதலில் 36, 40 எண்ணுள்ள முரட்டுத்தாள், பிறகு 80, காப்புப் பூச்சின்மேல் 220, 320. முரட்டுத்தாளிலேயே வடிவம் முழுதும் வந்துவிட வேண்டும். மெல்லிய தாள் கீறலைப் போக்குமேயன்றி வடிவத்தைத் திருத்தாது. அழுத்தக்கூடாது. வெட்டுவது தாளின் வேலை; நகர்த்துவது மட்டுமே நம் வேலை. நடுவே கறுப்பு வண்ணத்தைத் தூறல்போலத் தூவித் தேய்த்தால், மேடுகளில் கறுப்பு முதலில் அழியும், பள்ளங்களில் நிற்கும். சிறகு தன் குறையைத் தானே எழுதிக் காட்டும்! கண் ஏமாறும், உள்ளங்கை அவ்வளவாக ஏமாறாது. மெல்லிய துணியுறை அணிந்து தடவினால் இன்னும் துல்லியம்.

ஊசிமுனைத் துளைகள் வேறு இருக்கின்றன. சாந்திலுள்ள காற்று விட்டுச்சென்ற இடங்கள். வண்ணம் தெளித்தால் இவை மூடிவிடும் என்று நம்புவோர் மிகப் பலர். தெளித்த வண்ணம் துளையின் வாயில் வளையமாக நிற்குமேயன்றி உள்ளே இறங்காது. மாவு கலவாத எபாக்சியைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்து வழித்து அழுத்தி, மிச்சத்தை முழுதும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். துளையில் நிற்பது மட்டுமே நிற்கட்டும். பரப்பில் நிற்பது எடை.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை. உயர்த்தியையும் சிறகோரத் திருப்பிகளையும் கீல்களில் தொங்கவிட்டு, எடைச்சமன் சரிதானா என்று மறுபடி பார்த்தாக வேண்டும். கீலுக்குப் பின்னால் ஏறிய வண்ணம் சில கிராம்களே ஆயினும், சமன் கெட்டால் விரைவு மிகும்போது அவை படபடவென்று துடிக்கத் தொடங்கும். ஃபிளட்டர் என்று பாடத்தில் படித்தது அதுதான். துடிப்புத் தொடங்கியபின் விமானிக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. இச்சோதனையை எந்தப் பட்டிக் கடைக்காரர் செய்து தருவார்? அவரிடம் கேட்பதுதான் நியாயமா?

அதற்காகக் கடைக்காரரை நான் தாழ்த்திப் பேசுவதாக எவரும் எண்ணவேண்டா. “பெயிண்டர் வேலைதானே” என்ற அந்தத் ‘தானே’ என்ற சொல்லே என்னைச் சுட்டது. மூளையால் உழைப்பவன் மேல், கையால் உழைப்பவன் கீழ் என்ற பழைய பித்தம் நம்மைவிட்டு இன்னும் இறங்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். நம்மூர் டிங்கர் பட்டறையில், நசுங்கிய கதவின்மேல் கண்ணை மூடி உள்ளங்கையை ஓடவிட்டு, மேடு பள்ளத்தைச் சொல்லும் முதியவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்தக் கை நம் கூட்டத்தில் ஒருவருக்கும் இல்லை. ஆகவே சிறகை அவரிடம் அனுப்பாமல், அவரைப் போன்ற ஒருவரை நம்மிடம் அழைப்போம். பலகை பிடிக்கவும் பரப்பைத் தடவிப் படிக்கவும் நமக்குக் கற்றுத்தரட்டும். சிறப்புச் சொற்பொழிவாளருக்குக் கொடுக்கும் ஊதியத்தை அவருக்கும் கொடுப்போம். இழை எங்கே இருக்கிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நாம் அவருக்குச் சொல்வோம். இருவர் அறிவும் கூடினால்தான் சிறகு தேறும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். தேய்க்கும் வேலை தவறாமல் முதலாண்டு மாணவர் தலையிலேயே விழுகிறது. அதுவும் முகமூடியின்றி, கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு. எபாக்சித் தூள், அதுவும் முழுதும் இறுகாத எபாக்சியின் தூள், தோலைக் கெடுக்கும். ஒருமுறை ஒவ்வாமை பற்றிக்கொண்டால் பிறகு அப்பிசினின் அருகே செல்லவே முடியாமற் போனவர்கள் உண்டு. கண்ணாடித் தூளும் குமிழி மாவும் காற்றில் நெடுநேரம் மிதக்கும். கைக்குட்டை அவற்றைத் தடுக்காது. தூசி வடிகட்டும் நல்ல முகமூடியும், கையுறையும், தூசியை உறிஞ்சும் எந்திரமும் வாங்கியபின் தேய்ப்போம். பணம் இல்லை என்பார் பொருளாளர். கருநீல வண்ணத்துக்கு ஒதுக்கிய தொகை இருக்கிறதே!

அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப் போவன இவை: தேய்ப்புப் பணிக்கு மூன்று மாதம், மூத்த மாணவர் இளைய மாணவர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் முறைவைத்து வேலை, சிறகு ஒவ்வொன்றையும் சாந்து பூசுமுன் ஒருமுறை, தேய்த்தபின் ஒருமுறை, வண்ணம் பூசியபின் ஒருமுறை தராசில் நிறுத்தல். அந்த மூன்று எண்களையும் பட்டறைச் சுவரில் எல்லாரும் காண எழுதி வைக்க வேண்டும். இடப்பக்கச் சிறகின் எடையை நேற்றே நிறுத்துக் குறித்துவிட்டேன். வலப்பக்கத்தைத் தூக்க நால்வர் வேண்டும். சனிக்கிழமை பிற்பகல் ஓய்வுள்ளவர்கள் பட்டறைக்கு வந்து சேரலாம்.